பில் ஒருத்தருக்கு, புள்ளி இன்னொருத்தருக்கு

1981இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் பறந்த மைல்களுக்குப் பரிசு குடுக்கத் தொடங்கியது. 1983இல் ஹொலிடே இன்னும் மரியட்டும் அந்த வழியில் இறங்கின. இன்று அறை வாடகைக்கு மட்டுமில்லை, அறைக் கணக்கில் ஏறுகிற சாப்பாட்டுக்கும் வைனுக்கும் புள்ளி. மரியட்டின் பெரும்பாலான ஹோட்டல்களில் டொலருக்குப் பத்து. சட்டம் மறிக்கிற சில இடங்களில் மதுவுக்கு இல்லை.

வேலைப் பயணத்தில் பில்லைக் கட்டுவது கம்பனி. புள்ளி சேருவதோ போனவரின் பெயருக்கு. இன்னொரு போத்தல் எடுப்பமா எண்டு யோசிக்கிறவருக்கு அது தன்ர அடுத்த லீவுக்கான சேமிப்பு. லஞ்சம் எண்டால் கோவிப்பார்கள். எனக்கு வேறு சொல் வரவில்லை.

அமெரிக்க அரசு தன் ஊழியர்களின் பயணப் புள்ளிகளை முதலில் தன்னுடையது என்றே வைத்திருந்தது. 2001 டிசம்பரில் வந்த சட்டம் அதை ஊழியருக்கே விட்டது. 2002இல் வரித் திணைக்களமும் அதற்கு வரி கேட்டு வரமாட்டோம் என்று அறிவித்தது.