பிரேக் விளக்கில் எல்இடி பல்பு மாற்றம்

வாகனத்தின் பின்புறப் பிரேக் விளக்கிலுள்ள டங்ஸ்டன் இழை பல்பைக் கழற்றிவிட்டு, அதே ஹோல்டரில் உட்காரும் எல்இடி பல்பைப் போடுவதே இம்மாற்றம். தொழிற்சாலையிலிருந்தே எல்இடி விளக்கோடு வரும் வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் பெரும்பாலும் தனியாகக் கழற்றும் பல்பே இருப்பதில்லை. எல்இடி பல்பு சட்டென்று ஒளிரும், குறைந்த மின்சாரம் இழுக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் இழை பல்புக்கென வடிவமைத்த விளக்குக் கூட்டில் அது சரியாக வேலை செய்யுமா என்பது கூட்டின் பிரதிபலிப்பான், சிவப்பு மூடி, வயரிங் ஆகியவற்றோடு அது ஒத்துப்போவதைப் பொறுத்தது.

இழை பல்பின் வகைகள்

கார்களில் பரவலாகப் புழங்குபவை இரண்டு. பிரேக் வேலையை மட்டும் செய்யும் 12 வோல்ட், 21 வாட் பல்பில் ஒரே இழை உண்டு. டெயில் லைட்டையும் பிரேக் லைட்டையும் சேர்த்துத் தரும் 21/5 வாட் பல்பில் இரண்டு இழைகள். 5 வாட் இழை இரவில் வண்டி இருப்பதைக் காட்டும். பெடலை மிதித்ததும் 21 வாட் இழை சேர்ந்து எரியும். பல மோட்டார் சைக்கிள்களில் இது 5/10 வாட். லாரி, பேருந்துகளில் 24 வோல்ட் பல்பு.

இரட்டை இழை பல்பின் பித்தளை அடியில் இரு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும்; ஒற்றை இழை பல்பில் ஒரே உயரத்தில் இருக்கும். தலைகீழாகச் செருகி இழைகள் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு. புதிய கார்கள் சிலவற்றில் முளையே இல்லாத கண்ணாடி அடி பல்பு வருகிறது.

ஒளிரும் வேகம்

டங்ஸ்டன் இழை சூடேறி முழு ஒளி தர ஏறக்குறைய 0.2 நொடி பிடிக்கும். எல்இடிக்குச் சூடேற வேண்டியதில்லை. மின்சாரம் பாய்ந்த கணமே ஒளிரும். 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 0.2 நொடியில் சுமார் 3.3 மீட்டர் கடந்துவிடும், ஏறத்தாழ ஓர் ஆல்டோ காரின் நீளம். பின்னால் வருபவருக்கு அவ்வளவு தூரம் முன்னதாகவே எச்சரிக்கை கிடைக்கிறது. 20 கி.மீ. வேகத்தில் இந்த ஆதாயம் 1.1 மீட்டராகக் குறைந்துவிடும்.

தென்மேற்குத் தில்லியின் மோதி பாக் வழியாகச் செல்லும் ரிங் ரோட்டில் இவ்விரு நிலைகளையும் காணலாம். தௌலா குவானுக்கும் பிகாஜி காமா பிளேசுக்கும் இடையே சாலை காலியாக இருக்கும்போது மேம்பாலத்தில் வேகமாக ஏறும் வண்டிகள், அலுவலக நேரத்தில் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும். ஆகவே எல்இடியின் வேகம் உதவுவது நெரிசலில் அல்ல. சாலை சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது முன்வண்டி திடீரென நிற்கும் தருணத்தில்தான்.

டெயில், பிரேக் ஒளி வேறுபாடு

21/5 வாட் பல்பில் பிரேக் இழை சுமார் 440 லூமன் ஒளி தரும். டெயில் இழை 35 லூமன் மட்டுமே. இந்தப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான இடைவெளிதான் ‘வண்டி இருக்கிறது’ என்பதையும் ‘வண்டி நிற்கப்போகிறது’ என்பதையும் பிரித்துக் காட்டுகிறது. மலிவான எல்இடி பல்புகள் சிலவற்றில் டெயில் ஒளியே அதிகமாக இருப்பதால், பிரேக் மிதிக்கும்போது மாற்றம் கண்ணில் படுவதில்லை. டிசம்பர், ஜனவரியில் தில்லியை மூடும் பனிமூட்டத்தில் எல்லா வண்டிகளும் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு செல்லும்போது இது ஆபத்தாகிறது. மொத்த ஒளியைக் காட்டிலும் இந்த வேறுபாட்டையே முதலில் சோதிக்க வேண்டும்.

ஒளி பரவல்

பிரதிபலிப்பான், இழை எந்த இடத்தில் இருக்குமோ அந்தப் புள்ளியைக் கணக்கிட்டு வார்க்கப்பட்டது. இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும். நுனியில் மட்டும் சில்லுகள் கொண்ட எல்இடி பல்பு நேர் பின்னால் கண்ணைப் பறித்தாலும், பக்கத்துத் தடத்திலிருந்து பார்த்தால் மங்கலாகத் தெரியும். சுற்றுப்புறத்திலும் சில்லுகள் பதித்த பல்பு இதற்கு மேல்.

சிவப்பு மூடிக்குள் சிவப்பு எல்இடியே போட வேண்டும். வெள்ளை எல்இடியின் ஒளியில் நீலம் மிகுதி, சிவப்பு குறைவு. மூடி சிவப்பை மட்டும் விடுவதால் பெரும்பகுதி வீணாகி, நிறமும் வெளிறிப்போகும். சிவப்பு எல்இடிக்கும் ஒரு பலவீனம் உண்டு: சூடேறச் சூடேற அதன் ஒளி குறையும். தில்லியின் மே மாத வெயிலில் நின்ற காரில், சிக்னலில் நீண்ட நேரம் பெடலை அழுத்தியிருந்தால், வெப்பத்தை வெளியேற்றும் உலோக உடல் இல்லாத பல்பு மங்கத் தொடங்கும்.

மாற்றும் முறை

டிக்கியின் உட்புறம் அல்லது விளக்குக் கூட்டின் ஓரத்திலுள்ள திருகுகளைக் கழற்றினால் கூடு வெளியே வரும். ஹோல்டரைத் திருப்பி எடுத்து, பல்பை உள்ளே அழுத்தி இடப்புறம் திருகினால் கழன்றுவிடும். பழைய பல்பின் அடியிலுள்ள வகைக் குறியீட்டைப் பார்த்தே புதியதை வாங்க வேண்டும். ஹோல்டரில் பச்சை பூத்திருந்தால் சுரண்டித் துடைக்க வேண்டும். எர்த் சரியில்லையென்றால் எந்தப் பல்பும் ஒழுங்காக எரியாது. கண்ணாடி அடி வகை எரியாவிட்டால் பிடுங்கித் திருப்பிச் செருகிப் பார்க்கலாம். எல்இடிக்கு நேர், எதிர் முனை மாறக் கூடாது.

டெயில் லைட் தனியாக, பிரேக் தனியாக, இரண்டும் சேர்ந்து, இண்டிகேட்டரோடு என ஒவ்வொன்றாக எரியவிட்டு, நண்பகல் வெளிச்சத்தில் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க வேண்டும்.

மின்சுற்றுச் சிக்கல்கள்

21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதில் சிறு பங்கே இழுப்பதால் பெடல் சுவிட்சின் முனைகள் கருகுவது குறையும். ஆனால் பல்பு எரிந்துபோனதைக் கண்டறியும் வசதியுள்ள கார்கள், இந்தக் குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்து பல்பு பழுது என்று டேஷ்போர்டில் எச்சரிக்கும். சோதனைக்காக அவை அனுப்பும் சிறு துடிப்பில், பெடலை மிதிக்காமலே எல்இடி மினுமினுக்கவும் செய்யும். இணையாக மின்தடை பொருத்தினால் சரியாகும். ஆனால் அது கடுமையாகச் சூடேறும். பிளாஸ்டிக்கிலோ வயரிலோ படாமல் வண்டியின் தகட்டோடு பொருத்த வேண்டும்.

சந்தையும் சட்டமும்

தில்லியில் வாகன உதிரிபாகங்களுக்குக் காஷ்மீரி கேட் சந்தையும், அலங்காரப் பொருள்களுக்குக் கரோல் பாக் கடைகளும் பேர்பெற்றவை. அங்குள்ள எல்இடி பல்புகளில் பெடலை மிதித்தால் விட்டுவிட்டு மின்னும் வகையும் கிடைக்கும். பிரேக் விளக்கு மிதித்திருக்கும் வரை நிலையாக எரிய வேண்டியது; மின்னினால் அவசர விளக்கோ இண்டிகேட்டரோ என்ற குழப்பம் வரும்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பிரேக் விளக்கு சிவப்பாக இருக்க வேண்டும், பிரேக் இயங்கும்போது எரிய வேண்டும் என்கின்றன. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. ஆனால் அடிப்படை அம்சம் மாறும் அளவுக்கான கட்டமைப்பு மாற்றத்தையே அது ‘மாற்றம்’ எனக் கொள்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு இன்னும் விரிந்தது: அனுமதியற்ற பாகங்களைப் பின்னர் பொருத்துவதும் குற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வாகன விளக்குகளைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்புகளில் புனேயிலுள்ள ஏஆர்ஏஐ, தில்லியை அடுத்த மானேசரிலுள்ள ஐகேட் ஆகியவை அடங்கும். அங்கு சான்று பெறுவது பல்பும் கூடும் சேர்ந்த விளக்கு. பல்பை மட்டும் மாற்றினால் அச்சான்று புதிய அமைப்பைக் குறிக்காது. ஜெர்மனியில் 2020-இல் முகப்பு விளக்குக்கான ஒரு எல்இடி பல்புக்குச் சாலை அனுமதி தரப்பட்டபோதும், சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டுமே அது செல்லுபடியாயிற்று. சான்று பெற்ற எல்இடி கூட்டைத் தயாரிப்பாளரே அந்த மாடலுக்கு விற்கிறார் என்றால், கூட்டையே மாற்றுவது பாதுகாப்பான வழி.