அந்தரத்தில் ஒரு நாடா

சென்ற வாரம், 1859-ஆம் ஆண்டில் நயாகரா நதியைக் கயிற்றின்மேல் கடந்த பிளாண்டினைக் கண்டோம். அவர் காலடியில் இறுக இழுத்துக் கட்டிய தடித்த வடம் இருந்தது, நம் ஊர்க் கழைக்கூத்தாடியைப்போலக் கையில் நீண்ட கழியும் இருந்தது. இவ்வாரத்து நாயகருக்கு இவ்விரண்டுமே இல்லை.

கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் கூடாரமடித்துத் தங்கிய பாறையேறும் இளைஞர்கள், ஓய்ந்திருக்கும் வேளைகளில் சங்கிலியின்மீதும் கயிற்றின்மீதும் நடந்து பார்ப்பதை ஒரு வினோதமாகக் கொண்டிருந்தனர். அவ்வினோதத்தை ஆடம் குரோசோவ்ஸ்கி, ஜெஃப் எலிங்டன் என்னும் இருவர், ஓர் அங்குல அகல நைலான் நாடாவின்மேல் வெறுங்கையோடு நடக்கும் வித்தையாக வளர்த்தார்கள். ஸ்லாக்லைன் எனப்படும் இந்நாடா அடி வைத்தால் தொய்யும், பக்கவாட்டில் ஊசலாடும். கால் நடுங்கினாலோ, அந்நடுக்கத்தை வாங்கிப் பெருக்கி நடப்பவனிடமே திருப்பிவிடும்.

அப்பள்ளத்தாக்கின் மலைவிளிம்பை விட்டு விலகித் தனியே நிற்கும் பாறைத்தூணுக்கு லாஸ்ட் ஆரோ என்று பெயர். 1946-இல் அதன் சிகரத்தின்மேல் கயிற்றை வீசியெறிந்து ஏறிய வீரர்கள், கயிற்றில் தொங்கியபடியே விளிம்புக்குத் திரும்பினார்கள். தொங்கிக் கடந்த அந்த இடைவெளியை நடந்தே கடப்பதென்று ஸ்காட் பால்கம் துணிந்தார். நாடாவின் நீளம் 55 அடிதான். ஆனால் கீழே பள்ளத்தாக்கின் தரையோ ஏறத்தாழ 2,900 அடி ஆழத்தில் கிடந்தது.

1984-இல் முயன்றார், இயலவில்லை. இடுப்பில் பூட்டிய கச்சையையும் நாடாவையும் ஒரு கயிறு பிணைத்திருப்பதால், கால் தவறினாலும் சில அடி விழுந்து தொங்குவதோடு சரி என்பதைப் புத்தி நன்றாக அறியும். உடலோ அந்த நியாயத்தைச் செவிமடுப்பதில்லை. நிலத்தருகே நடக்கையில் மரமும் புல்லும் ஓரக்கண்ணில் பட்டு, உடல் எப்பக்கம் சாய்கிறதென்று நமக்குத் தெரியாமலே உணர்த்திக்கொண்டிருக்கும். அவ்வுயரத்திலோ இருமருங்கும் சூனியமாதலால், கண் தன் உதவியை நிறுத்திவிடுகிறது, பயம் தசைகளை இறுக்குகிறது, இறுகிய கால்கள் நாடாவை உலுக்குகின்றன, உலுங்கும் நாடா பயத்தை இரட்டிக்கிறது. இவ்விஷச் சக்கரத்தைப் பலம் கொண்டு முறிக்க முடியாது. மூச்சைத் தளர்த்தி, எதிர்ப்பாறையில் ஒரு புள்ளியில் பார்வையை ஊன்றி, அசைவதை அசையவிட்டு நடக்கவேண்டும். சொல்வதற்கு எவ்வளவு சுலபம்!

1985 ஜூலை 13 அன்று பால்கம் அவ்விடைவெளியை நடந்து கடந்தார். வெற்றியைக் காட்டிலும், தோற்ற இடத்தை நாடி அவர் மறுபடி மலையேறிச் சென்றதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1995-இல் டாரின் கார்ட்டர் என்பவர் அந்தப் பிணைப்புக் கயிற்றையும் களைந்துவிட்டு அதே இடைவெளியை நாடாவின்மேல் நடந்து கடந்தார். அதைத் தீரமென்பதா, வெறியென்பதா என்ற விசாரத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம்.