பொட்டலத்தில் இல்லாத பெயர்

காஞ்சிபுரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பல்லவரிடம் தொடங்குவர், கயிலாசநாதர் கோயிலில் சற்றுத் தங்குவர், பட்டுப்புடவையில் முடிப்பர். அந்தப் புடவைக்கு நிறமேற்றிய பொருளின் வரலாற்றுக்குள் புகுவோர் குறைவு. அது என்ன பொருள், எந்தப் பெயரில் விற்கப்பட்டது, அதனால் வரக்கூடிய தீங்கை அதன்மேல் எழுதிவைத்தாக வேண்டும் என்னும் எண்ணம் அரசுகளுக்கு எப்போது, எதனால் தோன்றியது என்பனவே இக்கட்டுரையில் நாம் காண எடுத்துக்கொண்டவை. வேதியியல் நம் துறையன்று. நாம் தமிழ் படித்தவர்கள். ஆயினும் இது பொருள்களுக்குப் பெயரிடுவதையும் அவற்றை வகைப்படுத்துவதையும் பற்றிய வரலாறு. நிகண்டும் நன்னூலும் படித்தவர்க்கும் இதில் சொல்ல ஏதோ உண்டு.

முதலில் பழங்காஞ்சிக்குச் செல்வோம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உத்தமசோழரின் செப்பேடு உள்ளது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அந்நாளில் கச்சிப்பேடு எனப்பட்ட இந்நகரில், ஊரகத்துத் திருமால் கோயிலின், அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலின், வழிபாட்டுக்கும் விழாவுக்கும் உரிய வருவாய்களை அச்செப்பேடு முறைப்படுத்துகிறது. அதில் இரண்டு செய்திகள் நமக்கு வேண்டியவை. ஒன்று, கோயிற் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு நகரின் சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளரிடம் ஒப்படைக்கப்பட்டமை. மற்றொன்று, கோயிலுக்குரிய வருவாயில் கோல்நிறைக்கூலியும் கால்அளவுகூலியும் இடம்பெற்றமை. நிறுத்து விற்கும் சரக்குக்கும் அளந்து விற்கும் சரக்குக்கும் உரிய கட்டணங்கள் அவை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஊர் ஒப்புக்கொண்ட நிறைகோலும் அளவுகாலும் கச்சிப்பேட்டுச் சந்தையில் இருந்தன. விற்பவன் சொல்லை மட்டும் நம்பி வாங்குபவன் நிற்க வேண்டியதில்லை. 'எவ்வளவு' என்னும் கேள்விக்குப் பொதுவான விடை இருந்தது. 'எது' என்னும் கேள்விக்குத் தனியே ஏற்பாடு தேவைப்படவில்லை. நெல்லை நெல்லென்று கண்ணே அறியும்.

சாயப்பொருளும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேரும் அரக்கும், மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள், நிறத்தைப் பிடித்து நிறுத்தப் படிகாரமும் கடுக்காயும் என்று பெயரைச் சொன்னாலே பொருள் விளங்கும். செடியா, வேரா, காயா, மரக்கிளையில் பூச்சி சுரந்த பிசினா என்பதைக் கேட்டறிய வேண்டியதில்லை. அதற்காகப் பழையன யாவும் தீங்கற்றவை என்று நாம் வாதிட வரவில்லை. ஓவியர் மஞ்சள் வண்ணத்துக்குப் பயன்படுத்திய தாளகம் ஆர்சனிக் கலந்த கனிமம். சித்தமருத்துவம் அதைப் பாடாணங்களுள் ஒன்றாக வைத்தது. தாளகத்தில் நஞ்சு உண்டு என்பது அப்பெயரை அறிந்தவர்க்குத் தெரிந்திருந்தது. இங்கே நாம் கருதுவது இவ்வளவே: பெயரும் அறிவும் ஒன்றாகக் கைமாறின.

நஞ்சை வகைப்படுத்தும் முயற்சியும் நமக்குப் புதிதன்று. சித்தர் நூல்கள் பாடாணங்களை 64 என எண்ணி, இயற்கையிற் கிடைக்கும் பிறவிப் பாடாணம் 32, செய்துவைக்கும் வைப்புப் பாடாணம் 32 எனப் பகுக்கும். அதே நூல்கள் பொருட்பெயர்களைப் பரிபாசையில் மறைத்துச் சொல்வதும் உண்டு. குருவிடம் கேட்டறியாதவன் கையில் நஞ்சு அகப்படக் கூடாது என்னும் எச்சரிக்கை அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுவதுண்டு. இவ்வாறு தெளிவாக வகுப்பதும் பெயரை மறைப்பதும் ஒரே மரபில் அருகருகே இருந்தன. பிற்கால வேதித்தொழிலிலும் இந்த இரட்டை நிலை தொடர்ந்ததை இனிக் காண்போம்.

1856ஆம் ஆண்டு வில்லியம் பெர்க்கின் என்னும் 18 வயது ஆங்கில மாணவர் கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்று, ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டடைந்தார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலின் அதற்கு அடிப்படை. 1869இல் சாயவேரின் சிவப்புக்கு ஈடான அலிசரினுக்கு ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் காப்புரிமை கோரப்பட்டது. 1897இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவின் அவுரி வயல்கள் சுருங்கின. சாயவேர் தோண்டுவோர் வேறு தொழில் நாடினர். சாயப்பட்டறைகளுக்குள் தகர டப்பாக்களில் பொடிகள் வந்து சேர்ந்தன.

அப்பொடிகளின் பெயர்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். காஞ்சிப் பட்டுக்கடையில் அரக்கு, கிளிப்பச்சை, மயில்கழுத்து, மாம்பழ நிறம் ஆகியவற்றோடு 'மெஜந்தா' என்பதையும் கேட்கலாம். முன்னவை நம் கண்முன் உள்ளவற்றின் பெயர்கள். மெஜந்தா என்பதோ இத்தாலியில் 1859இல் போர் நிகழ்ந்த ஊரின் பெயர். அதே ஆண்டில் பிரான்சில் ஃபுக்சின் என்னும் அனிலின் சாயம் உருவானது. போர் வெற்றியின் நினைவாக அந்த ஊர்ப்பெயரை அதற்குச் சூட்டினர். பொருளைப் பற்றி எதுவும் சொல்லாத பெயர் அது. சொல்ல வேண்டியது ஏராளமாக இருந்தது. 1895இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் தயாரிக்கும் ஆலையில் பணிபுரிந்த மூவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி இருந்ததை மருத்துவர் மாநாட்டில் அறிவித்தார். தொழிலும் நோயும் தொடர்புடையவை என்று அவர் ஐயுற்றார். இன்று மெஜந்தா நிறத்துக்கு வேறு சாயங்கள் உள்ளன. நிறத்தின் பெயரைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் அப்பெயர் தன் பின்னால் மூன்று நோயாளிகளை மறைத்து வைத்திருந்தது என்பதை மறப்பதற்கில்லை.

ரேனின் ஐயம் உறுதிப்பட நெடுங்காலம் ஆயிற்று. இந்நோய் பொருளைத் தொட்ட மறுநாள் வருவதன்று. 20, 30 ஆண்டுகள் கழித்தும் வரும். அதற்குள் தொழிலாளி வேலையை விட்டிருப்பார், ஊர் மாறியிருப்பார். 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கை பென்சிடினையும் பீட்டா நாப்தைலமினையும் ஐயத்துக்குரியனவாகச் சுட்டியது. 1954இல் வெளியான பிரிட்டானிய ஆய்வு எண்களைக் கொண்டு அதை நிறுவியது. முதல் எச்சரிக்கைக்கும் உறுதியான சான்றுக்கும் இடையே ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழிந்தன.

இனி நம் நாட்டுச் சட்டங்களைப் பார்ப்போம். நஞ்சுகளை விற்பதற்கு உரிமம் கோரும் சட்டம் 1919லேயே இருந்தது. ஆனால் நஞ்சின் கொள்கலத்தின்மேல் என்ன எழுத வேண்டும் என்பதை விரிவாகப் பேசும் சட்டங்கள் பெருந்துயரங்களுக்குப் பின்னரே வந்தன. 1958இல் கப்பலில் உணவுப்பொருளோடு ஏற்றிவந்த பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கசிந்து கோதுமை மாவில் கலந்தது. அதை உண்டு கேரளத்தில் 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் தொடர்ச்சியாக 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971இல் அதன் விதிகளும் பிறந்தன. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை மில்லிகிராம் உட்கொண்டால் உயிர் போகும் என்னும் கணக்கின்படி நஞ்சுகள் நான்கு வகையாயின. கடுமையிலிருந்து தணிவு நோக்கிச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு முக்கோணங்கள் வகுக்கப்பட்டன. எச்சரிக்கை வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்றும் விதி கூறியது. எழுத்தறியாத உழவரும் நிறத்தைக் கண்டு விலகலாம். நம் நாட்டில் நஞ்சுக்கு எழுதப்பட்ட முதல் எளிய இலக்கணம் என்று இதை நாம் கருதுகிறோம்.

அடுத்தது போபால். 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி வெளிப்பட்ட மெத்தில் ஐசோசயனேட் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. மருத்துவமனைக்கு மக்கள் வந்து குவிந்தபோது, எந்த வாயு இது, இதற்கு என்ன மருத்துவம் என்று அங்கிருந்த மருத்துவர்க்குச் சொல்ல ஆளில்லை. ஆலைக்குள் இருந்த பொருளின் பெயரும் இயல்பும் ஆலையின் சுவருக்கு வெளியே தெரிந்திருக்கவில்லை. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, பணியிடத்து ஆபத்துகளைத் தொழிலாளி அறிந்துகொள்வது அவரது உரிமையாக்கப்பட்டது. 1989 நவம்பரில் அபாய வேதிப்பொருள்களின் தயாரிப்பு, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகள் வெளியாயின. கொள்கலம் ஒவ்வொன்றிலும் உள்ளடக்கம், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், பொருளின் இயற்பியல், வேதியியல், நச்சியல் விவரங்கள் ஆகியவை இருக்க வேண்டும் என்றும், பாதுகாப்பு விவரத்தாள் ஒன்று ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றும் அவை பணித்தன.

சாயங்களின் முறை 1990களில் வந்தது. பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட 42 சாயங்களைக் கையாள்வது 1993 முதல் தடுக்கப்பட்டது. 1994இல் ஜெர்மனி, உடலில் படும் துணிகளில் குறிப்பிட்ட அமின்களை வெளிவிடக்கூடிய அசோ சாயங்களுக்குத் தடைவிதித்தது. ஏற்றுமதியை நம்பிய தமிழகத் துணித்தொழில் அதிர்ந்தது. 1997 மார்ச் 26ஆம் நாள் நடுவண் அரசு மேலும் 70 அசோ சாயங்களைத் தடைசெய்தது. ஆக மொத்தம் 112. ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமான விதி 2002இல் வந்தது.

இவ்வரலாற்றில் ஒரு முரண் உண்டு. ஜெர்மனியின் தடை துணியை உடுத்துபவரின் தோலைக் காத்தது. அதில் குறையேதும் இல்லை. ஆனால் உடுத்துபவரைத் தொடுமுன் அச்சாயம் எத்தனையோ ஆண்டுகள் சாயமேற்றுபவரைத் தொட்டது. கொதிக்கும் தொட்டியின் மேல் குனிந்து, கழியில் மாட்டிய பட்டு நூற்கழிகளைத் திருப்பிக்கொண்டிருப்பவர், பொடியை முகந்து நீரில் தூவும்போதே அதன் தூசியைச் சுவாசிப்பவர். அவர் கைக்குச் சீட்டு எதுவும் எட்டவில்லை.

உலகம் முழுமைக்கும் ஒரே முறையில் வேதிப்பொருள்களை வகைப்படுத்திச் சீட்டிட வேண்டும் என்னும் கருத்து 1992 ரியோ மாநாட்டில் வலுப்பெற்றது. 2002 டிசம்பரில் ஐ.நா. குழு அம்முறையை ஏற்று, மறு ஆண்டு நூலாக வெளியிட்டது. வெடித்தல், எரிதல் முதலிய இயற்பியற் கேடுகள், உடல்நலக் கேடுகள், சுற்றுச்சூழற் கேடுகள் என்று மூன்று பெரும் பிரிவுகள். அவற்றின்கீழ் வகைகளும் படிகளும். சீட்டில் இடம்பெறச் சிவப்புக்கரையிட்ட சாய்சதுரத்துள் 9 குறிப்படங்கள். 'அபாயம்', 'எச்சரிக்கை' என்னும் இரண்டு முன்னறிவிப்புச் சொற்கள். சூடாமணி நிகண்டு உலகத்துப் பொருட்பெயர்களை 12 தொகுதிகளாக வகுத்ததை நாம் அறிவோம். கேடுகளுக்கு உலகம் கூடி எழுதிய நிகண்டு என்று இதைச் சொன்னால் மிகையாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் இதைச் சட்டமாக்கியது. இந்தியாவில் இதையொட்டிய விதிகளின் வரைவு 2020இல் உருவாயிற்று.

சட்டத்தில் இவ்வளவும் இருக்க, காஞ்சியின் சாயப்பட்டறையில் என்ன குறை? சீட்டு முதற்கொள்கலத்தில் ஒட்டப்படுகிறது. சிறிய பட்டறைக்கு 25 கிலோ டின் தேவையில்லை. நூறு கிராம், கால்கிலோ போதும். கடைக்காரர் டின்னிலிருந்து நிறுத்து நெகிழிப்பையில் கட்டிக் கொடுக்கிறார். நிறை சரியாக இருக்கும். அவ்வளவில் கச்சிப்பேட்டு மரபு இன்னும் வாழ்கிறது. ஆனால் சீட்டு டின்னோடு நின்றுவிடுகிறது. பொட்டலத்தோடு வருவது ஒரு நிறத்தின் பெயர் அல்லது ஓர் எண்.

நன்னூலார் தகுதிவழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்குவார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை வகுப்பில் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். நம் முன் அமர்ந்திருக்கும் மாணவரிற் சிலர் தறியும் சாயத்தொட்டியும் உள்ள வீடுகளிலிருந்து வருபவர்கள். குழூஉக்குறியைக் குழுவினர் அறிவர், பிறர் அறியார் என்பது இலக்கணம். சாயப்பொடியின் எண்ணோ பிறிதொரு குழுவின் குறி. அதைத் தன் கையால் கரைப்பவர் அக்குழுவுக்கு வெளியே நிற்கிறார்.

'ஹைட்ரோஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். நிறத்தை நீக்கவும் நூலை வெளுக்கவும் பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டின் பட்டறைப்பெயர் அது. சிறிதளவு ஈரம் பட்டாலே தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது. மூச்சை அடைக்கும் கந்தக வாயுவை வெளிவிடுவது. நீரே தொழிலாக உள்ள இடத்தில், மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின்கீழ் அது இருக்கிறது. 'ஈரம் படாமல் வை' என்னும் மூன்று தமிழ்ச்சொற்கள் அந்தப் பையின்மேல் இருந்தால் ஒரு பட்டறை பிழைக்கும். சாயக்கழிவுநீர் மஞ்சள்நீர்க் கால்வாயிலும் வேகவதியிலும் கலந்த கதையை இவ்வூரார் அறிவர். ஐ.நா. முறையின் ஒன்பது படங்களுள் ஒன்றில் பட்ட மரமும் செத்த மீனும் உள்ளன. அது ஆற்றின் சார்பில் பேசும் சீட்டு.

ஆதலின் நாம் வேண்டுவது பெரிதன்று. சீட்டு பொருளைத் தொடர்ந்து செல்ல வேண்டும். டின்னிலிருந்து பைக்கும், பையிலிருந்து பட்டறைச் சுவருக்கும். அது தமிழில் இருக்க வேண்டும். பூச்சிமருந்துப் புட்டிக்கு வட்டார மொழியைச் சட்டம் கேட்க முடிந்ததெனில், சாயப்பொட்டலத்துக்கும் கேட்க முடியும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நிறைந்த ஊர் இது. சட்டம் வரும்வரை காத்திராமல், பத்துப் பன்னிரண்டு பொருள்களுக்கான சீட்டை ஒரு சங்கம் அச்சிட்டாலே தொடங்கிவிடலாம்.

உத்தமசோழரின் செப்பேட்டில் வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் உண்டு. யார் எதைச் செய்ய வேண்டும், யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்னும் நடைமுறை விவரங்கள் தமிழில் உள்ளன. அவற்றை நிறைவேற்ற வேண்டியவர் நெசவாளர் அல்லவா? படிக்க வேண்டியவரின் மொழியில் எழுதுவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்நகரில் ஆட்சியின் வழக்கமாக இருந்தது.