கிளாறஸ் மலைகளும் ஒரு கொள்கை மாற்றமும்

உறுதிக்கு மலையை உவமித்தல் நம் இலக்கிய மரபு. ஆயின் புவியோட்டின் ஆழத்தில், மிகுந்த அமுக்கமும் வெப்பமும் நெடுங்காலம் ஒருங்கே தொழிற்படுமிடத்துப் பாறையும் உடையாது வளையும். மெழுகென மெல்லப் பாயும். மேற்பரப்பின் அண்மையிலோ அதே பாறை முறிந்து பிளவுறும். இவ்வுண்மையின் முழுப் பொருளையும் அறிஞர் உணர்ந்த வரலாற்றிற் சுவிற்சலாந்தின் கிளாறஸ் மலைகள் சிறப்பிடம் பெறுகின்றன.

அம்மலைகளின் செங்குத்துப் பாறை முகங்களில், கோடு கீறியது போன்ற ஓர் எல்லை தெளிவாகத் தெரிகிறது. இன்றைய கணிப்பின்படி, அதன் மேலுள்ள பாறைகள் 25 முதல் 30 கோடி ஆண்டுகள் பழைமையானவை. கீழுள்ளவையோ 5 கோடி ஆண்டுகளுக்கு மேற்படாதவை. மூத்த படை கீழும் இளைய படை மேலும் அமைதலே இயல்பு. இங்கு அம்முறை மாறிக் கிடக்கிறது. 1840களில் இதனை ஆராய்ந்த ஆர்னோல்ட் எஷர், பழைய பாறைத்தொகுதி இளையதன்மீது உந்தப்பட்டிருக்கலாம் என முதலில் எண்ணினார். எனினும் அத்துணைப் பெரிய நகர்வை வலியுறுத்தத் துணியாது, வடக்கிலும் தெற்கிலுமிருந்து எதிரெதிராகக் கவிந்த இரு பெருமடிப்புகளே காரணம் என விளக்கினார்.

அவருடைய மாணவரும் சூரிச்சில் அவருக்குப்பின் பேராசிரியப் பதவி ஏற்றவருமான அல்பேட் ஹைம், 1878இல் மலையாக்கம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஆழத்திற் பாறை உடையாமலே உருமாறும் என்பதை அந்நூல் வலியுறுத்தியது. ஆயினும் ஆசிரியரின் இருமடிப்புக் கொள்கையை அவர் கைவிடவில்லை. 1884இல் பிரான்சிய அறிஞர் மார்செல் பேர்ட்ரான், கிளாறசுக்குச் செல்லாமலே, ஹைமின் விவரணங்களை வட பிரான்சின் நிலக்கரிப் படுகையின் அமைப்போடு ஒப்பிட்டார். தெற்கிலிருந்து வந்த ஒரே உதைப்பு அனைத்தையும் விளக்கப் போதுமென அவர் காட்டினார். ஹைம் நெடுங்காலம் இதனை எதிர்த்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

அத்துணைப் பெரிய பாறைத்தொகுதி நொறுங்காமல் நகர்ந்தது எவ்வாறு என்னும் வினா அப்போதும் எஞ்சியது. பாறைத் துளைகளில் அடைபட்ட நீரின் அமுக்கம் மேற்பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கி, உராய்வைக் குறைக்கும் என 1959இல் ஹபேட்டும் ரூபியும் விளக்கினர். கிளாறசில் எல்லையையொட்டிய மெல்லிய சுண்ணக்கற்படை பாய்ந்து உருமாறியதும் நகர்வுக்கு உதவியது. 2008இல் இப்பகுதி உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது.

பாறையின் நெகிழ்ச்சியை நன்கறிந்த ஹைமுக்கே ஆசிரியரின் கொள்கையிலிருந்து விலக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. பற்று எத்துணை வலியது என்பதற்கு இது சான்று. எனினும் முதிர்ந்த வயதில், உலகறியத் தம் பிழையை ஒப்புக்கொண்ட அவரது நேர்மையும் நாம் கற்கவேண்டிய பாடமேயாகும்.