பதேவியாவின் கோழிகளும் அரிசித் தவிடும்

விஞ்ஞானி என்றவுடன் பிழையே செய்யாத பேரறிஞர் ஒருவரை நம் இளைஞர்கள் மனத்தில் வரைந்துகொள்கின்றனர். பாடநூல்கள் முடிந்த முடிவுகளையே தருகின்றன. அவை எத்துணைத் தடுமாற்றங்களுக்குப்பின் எய்தப்பெற்றன என்பதைச் சொல்வதில்லை. ஏட்டில் எழுதியிருக்கிறது என்பதற்காகவே ஒன்றை உண்மையென்று ஏற்கும்படி பல தலைமுறைகளாகப் பணிக்கப்பட்டவர்கள் நாம். ஆதலின் ஒரு கூற்றை எவ்வாறு உரைத்துப் பார்ப்பது என்பதைப் பிறரினும் நம் பிள்ளைகளே முதலில் கற்றாக வேண்டும். இதற்குச் சான்றாகப் பெரிபெரி நோயின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அது நாம் நாள்தோறும் உண்ணும் அரிசியைப் பற்றியது.

கால்கள் வலுவிழந்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மாந்தர் மடியும் நோய் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஜாவா, சுமத்ரா தீவுகளில் போர்வீரரும் சிறைக்கைதிகளும் இந்நோயால் பெருந்தொகையினராய் இறந்தனர். அக்காலம் கிருமியியலின் பொற்காலம். ராபர்ட் காக் 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்திருந்தார். ஆகவே பெரிபெரிக்கும் ஒரு கிருமியே காரணமாதல் வேண்டும் என்று கருதி, 1886-இல் டச்சு அரசு ஓர் ஆய்வுக்குழுவை அனுப்பியது. அக்கருத்து அன்றைய நிலையில் அறிவுக்குப் பொருந்தியதே. அதனை நாம் எள்ளுதல் கூடாது. குழுவினர் ஊர் திரும்பியபின், 1888 முதல் பதேவியா இராணுவ மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பைக் கிறிஸ்தியான் எய்க்மன் ஏற்றார். இவர் காக்கிடமே பயின்றவர்.

ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கு நோயாளிகளின் இரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. கிருமி அகப்பட்டதென்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால் ஒப்புநோக்குவதற்காக இரத்தம் செலுத்தாது விட்டிருந்த கோழிகளும் அவ்வாறே விழுந்தன! ஜூலையில் தோன்றிய அந்நோய் நவம்பர் இறுதியில் தானாகவே நீங்கியும் போயிற்று. காரணத்தை விசாரித்தபோதுதான் சமையற்கட்டுச் செய்தி வெளிவந்தது. கூடத்துப் பணியாள் சிக்கனம் கருதி, மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்கு இட்டு வந்திருக்கிறார். பின்னர் வந்த புதிய சமையற்காரர், இராணுவத்தாரின் சோற்றை இராணுவம் சாராத கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். வேறு தீனிக்கு மாறியதும் கோழிகள் பிழைத்துக்கொண்டன. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுக்கு ஒரு சமையற்காரரின் கண்டிப்பு வழிகோலியது நமக்கு உவப்பான செய்தியே. ஆயினும் தீனி மாறிய நாளையும் நோய் நீங்கிய நாளையும் இணைத்துப் பார்க்க எய்க்மனின் கண் வேண்டியிருந்தது.

தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் நோயுற்றன. தவிடு சேர்த்தால் தேறின. மனிதருக்கும் இது பொருந்துமா? சிறைகளில் அந்தந்த வட்டார வழக்கப்படியே அரிசி வழங்கப்பட்டு வந்தமையால், அவற்றைப் பார்வையிடும்படி சுகாதார ஆய்வாளர் வோர்டெர்மனை எய்க்மன் வேண்டினார். அவர் 101 சிறைகளை ஆராய்ந்து 1897-இல் அறிக்கை வெளியிட்டார். தவிடு முற்றும் நீங்காத அரிசி வழங்கிய 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே நோய் காணப்பட்டது. தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளில் 36-இல் காணப்பட்டது. கட்டடத்தின் பழமை, காற்றோட்டம், நெருக்கடி ஆகியவற்றையும் அவர் கணக்கிலெடுத்து, அவை காரணமல்ல என்று காட்டினார்.

இவ்வளவு கண்டும் எய்க்மன் எடுத்த முடிவு தவறானது. அரிசியின் மாப்பொருளில் ஒருவகை நஞ்சு உண்டென்றும், தவிட்டில் அதற்கு மாற்று மருந்து உண்டென்றும் அவர் கூறினார். சிறைக் கணக்கு இம்முடிவுக்கும் இடங்கொடுத்தது. எண்கள் சரியாயிருந்தும் விளக்கம் பிழையாகலாம். உடல்நலக் குறைவால் அவர் 1896-இல் தாயகம் திரும்பியபின், பணியைத் தொடர்ந்தவர் கெரிட் கிரெயின்ஸ். மாப்பொருளே நஞ்சாயின், அது இல்லாத உணவில் நோய் வரலாகாது என்று அவர் எண்ணினார். மிகு வெப்பத்தில் நெடுநேரம் வேகவைத்த இறைச்சியை மட்டும் கோழிகளுக்கு இட்டார். நோய் வந்தது! பச்சைப்பயறு இட்டால் வராது நின்றது. ஆதலின் நோய்க்குக் காரணம் உணவில் இருப்பது ஒன்றன்று, இல்லாமற்போனது ஒன்று என 1901-இல் அறிவித்தார். எய்க்மன் உடனே இசையவில்லை. சில ஆண்டுகள் கழித்தே அதனை ஏற்றார். 1929-இல் நோபல் பரிசு ஹாப்கின்சுடன் எய்க்மனுக்குக் கிடைத்தது. கிரெயின்சுக்குப் பங்கு இல்லை. இது நமக்கு நேர்மையாகத் தோன்றவில்லை.

அன்றைய சென்னை மாகாணத்திலும் இந்நோய் இருந்தது. பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் அது மிகுதி. புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டை ஒட்டிய சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் முற்றும் அகல்வதில்லை. குன்னூரில் 1918 முதல் மெக்கரிசன் நடத்திய பெரிபெரி ஆராய்ச்சியே, பின்னர் ஐதராபாத்துக்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம்.

தவிட்டிலுள்ள அச்சத்தை 1926-இல் பதேவியாவிலேயே யான்சன், டோனத் ஆகிய இருவரும் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அவர்கள் எழுதிய வாய்பாட்டிலும் ஒரு பிழை: அதில் கந்தகம் விடுபட்டிருந்தது. பிறர் அதனைக் கண்டு திருத்தியபின், நம் மாகாணத்து நெல்லூரில் 1886-இல் பிறந்த அமெரிக்கரான ராபர்ட் வில்லியம்ஸ் 1936-இல் அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். இன்று அதற்கு வழங்கும் தயமின் என்னும் பெயரின் முற்பகுதி, விடுபட்டுப் போயிருந்த அந்தக் கந்தகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும்.