கொல்லிமலைச் சாமையும் சர்க்கரை நோயும்

சர்க்கரை நோயைப் "பணக்கார வியாதி" என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்குத்தான் வரும், காட்டிலும் மேட்டிலும் உழைப்பவர்களை அண்டாது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஏன் இனி செல்லாது என்பதைக் கொல்லிமலையின் உணவு வரலாறு நன்றாகவே காட்டுகிறது.

தினையும் சாமையும் விளைந்த மலை

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டிய மலை இது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட இடம். இங்கு வாழும் மலையாளி பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல!) தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றை விதைத்து உண்டு வந்தார்கள்.

1970-களுக்குப் பிறகு நிலைமை மாறியது. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது. அதைப் போட்டால் கையில் காசு கிடைத்தது. சாமைக் காடுகள் பல மரவள்ளிக் காடுகளாயின.

இன்னொரு காரணத்தைப் பலரும் பேசுவதில்லை. அது பெண்களின் உழைப்பு. சாமையின் உமியை நீக்க உரலில் போட்டு நெடுநேரம் குத்த வேண்டும், பிறகு புடைக்க வேண்டும். ரேஷன் அரிசியைக் களைந்து அப்படியே உலையில் போடலாம். நாள் முழுதும் காட்டு வேலை செய்து வந்த பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள்? இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரேஷன் அரிசி பசியைப் போக்கியது என்பதும் உண்மை. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் அது விலையில்லாமலே கிடைக்கிறது. ஆனால் பல தானியங்கள் இருந்த தட்டில் வெள்ளை அரிசி மட்டும் பெருகியது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இம்மலையில் பணியைத் தொடங்கியது. விதை வங்கிகள் அமைத்ததோடு நிற்காமல், சிறுதானியத்தின் உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டு வந்தது. உலக்கைக்கு மாற்று இல்லாமல் சாமை திரும்பாது என்பதை உணர்ந்த வேலை அது.

நாடு முழுவதும் நடந்தது

கொல்லிமலையில் நடந்த இந்த உணவு மாற்றம் வேறு வேறு வடிவில் எல்லா ஊர்களிலும் நடந்தது. உடல் உழைப்பும் குறைந்தது. 1972-75-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில் நகரங்களில் 2.1 சதவீதம் பேருக்கும் கிராமங்களில் 1.5 சதவீதம் பேருக்கும் நீரிழிவு இருந்தது. 2023-இல் வெளியான அக்கழகத்தின் ஆய்வில் நகரம் 16.4, கிராமம் 8.9 சதவீதம்! இரண்டு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல என்பதால் எண்களை நேராக ஒப்பிட முடியாது. ஆனால் போகும் திசை தெளிவு. நாட்டில் 10.1 கோடி பேருக்கு நோய் இருப்பதாகவும், 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அந்த ஆய்வு கணக்கிட்டது.

தமிழகம் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்த மாநிலம். டாக்டர் மோ.விஸ்வநாதன் 1948-லேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார்.

பெயர் மாறிய நோய்

நீரிழிவில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்றில் கணையம் இன்சுலினைச் சுரப்பதே இல்லை என்னும் அளவுக்குப் போய்விடும். மற்றதில் இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படாது. நாளடைவில் சுரப்பும் குறையும். 1936-இல் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த வேறுபாட்டை விளக்கினார். இரண்டாவது வகையை "முதியோர் நீரிழிவு" என்றே வெகுகாலம் அழைத்தார்கள். இளைஞர்களுக்கும் அது வருவதால் அந்தப் பெயர் பொருந்தவில்லை; பின்னர் மருத்துவ உலகம் அதைக் கைவிட்டது. இப்போது அது "இரண்டாம் வகை".

எப்படிக் கண்டுபிடிப்பது?

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத சோர்வு, உடல் மெலிதல், ஆறாத புண், மங்கலான பார்வை, பாத எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். ஆனால் இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் பல ஆண்டுகள் நோய் உள்ளே இருக்கலாம். ஆபத்தே அதுதான்! எனவே இரத்தப் பரிசோதனை ஒன்றே உறுதியான வழி. வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. அறிகுறி இல்லாதவர்களுக்கு மறுபடியும் பரிசோதித்து உறுதி செய்வார்கள்.

எப்படிச் சமாளிப்பது?

நோயின் வாசலில் இருந்த 531 பேரிடம் டாக்டர் அ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. மூன்றாண்டுகளில், சாதாரண அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடைப்பயிற்சியையும் சீர்செய்தவர்களில் அது 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5. மாத்திரைக்குச் சமமான பலனை உணவும் நடையும் தந்தன.

அப்படியானால் சாமைச் சோறு சாப்பிட்டால் போதுமா? போதாது. சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். அளவு முக்கியம். கேழ்வரகை மாவாக்கிக் கூழாய்க் காய்ச்சினால் சர்க்கரை விரைவாகவே ஏறும். சோற்றைக் குறைத்து, பருப்பையும் கீரை, காய்களையும் கூட்ட வேண்டும். மாத்திரை போடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். ஆண்டுக்கொரு முறை கண்ணையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டும். செருப்பில்லாமல் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் தினமும் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்துப்போன காலில் முள் குத்தினால் தெரியாது. அந்தச் சின்னப் புண்ணே காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டு போய்விடும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வரும் திட்டம் இது. மலைக் கிராமங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் நோய் இருப்பது தெரிந்தால்தானே மாத்திரை வரும்? முப்பது வயதைக் கடந்தவர்கள், மலையில் இருந்தாலும் சமவெளியில் இருந்தாலும், நன்றாக இருக்கும்போதே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.