நிகழ்வு வரிசைப் பதிவு (மின்வலுத் தொகுதி)

மின்வலுத் தொகுதியில் ரிலே இயங்கியது, ஆளி திறந்தது, மின்பிறப்பாக்கி விலகியது ஆகியவற்றை நடந்த ஒழுங்கிலேயே மில்லி செக்கன் அளவில் குறிக்கும் முறை. தொலைதூர நிலையங்களில் உள்ள சிறு கணினிகள் தனித்தனியே எழுதும் குறிப்புகளை ஒரே வரிசையில் கோப்பதே இதன் சிக்கல்.

பழைய பொறிமுறை ரிலே இயங்கினால் அதன் முகப்பில் சிறு கொடியொன்று விழும். பணியிலிருப்பவர் பதிவேட்டில் எழுதிவிட்டே அதை மீள உயர்த்துவார். எந்தக் கொடி முதலில் விழுந்தது என்பதைக் கொடிகளைப் பார்த்து அறிய முடியாது. பொதுக் கடிகாரமில்லாத கணினிகளிடையே சில நிகழ்வுகளில் எது முந்தியது என்று தீர்மானிக்கவே முடியாதென 1978இல் லெஸ்லி லாம்போர்ட் காட்டினார். 1984இல் எண்ணியல் ரிலே சந்தைக்கு வந்தது. இலங்கையின் கொத்மலை நிலத்தடி மின் நிலையம் (3 × 67 மெகாவாற்று) இயங்கத் தொடங்கியது அதற்கு மறு ஆண்டு.

மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது 2003 ஓகஸ்ட் 14 வட அமெரிக்க மின்தடை. சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தனர். ஒஹாயோவின் கட்டுப்பாட்டு அறையொன்றில் எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் 2:14 அளவில் முடங்கியது. அங்கிருந்தோர் அதை உடனே உணரவில்லை. ஒரே தரவை இரு செயல்முறைகள் ஒருங்கே எழுத முனைந்ததே காரணமென்பது பல வாரச் சோதனைக்குப் பின்னரே புலப்பட்டது. இறுதிச் சரிவுக்குச் சில நிமிடங்களே பிடித்தன. விசாரணையாளர்கள் ஆயிரக்கணக்கான பதிவுகளை எடுத்து, எந்தக் கடிகாரம் எவ்வளவு பிசகியது என்று பார்த்துப் பார்த்து நேரவரிசையை மீளக் கட்டினர். இத்துறையில் இவ்வளவு பொறுமையான வேலை அரிது. நேரம் ஒத்திசைந்த பதிவுக் கருவிகள் வேண்டுமென 2004 அறிக்கை பரிந்துரைத்தது. இன்று ஜி.பி.எஸ். கடிகாரம் அதற்கு உதவுகிறது.

மென்பொருள் பகுப்பு இதனோடு இணைந்தே வளர்ந்தது. ஐ.இ.சி. 61850 நியமம் பாதுகாப்பு, அளவீடு, ஆளிக் கட்டுப்பாடு ஆகியவற்றைத் தனித்தனித் தருக்கக் கணுக்களாகப் பிரிக்கிறது. எக்கணு எக்கருவியில் அமரும் என்பது வடிவமைப்பாளரின் தெரிவு. கணுக்கள் பல கருவிகளில் பரந்தால் அவற்றின் நிகழ்வுப் பதிவுகளும் பரவும்.



இலங்கையிலும் பெரும் மின்தடைகள் நிகழ்ந்துள்ளன. 2021 டிசெம்பர் 3 அன்று கொத்மலை–பியகம 220 கிலோவோல்ற்று வழியில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. மின்னல் காரணமெனக் கூறப்பட்டது. நாசவேலைச் சந்தேகமும் எழுந்தது. 2023 டிசெம்பர் 9 மின்தடையும் இதே வழியில் தொடங்கியதாக மின்சார சபை அறிவித்தது. 2025 பெப்ரவரி 9 மின்தடைக்குப் பாணந்துறை உப மின் நிலையத்தில் புகுந்த குரங்கு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த ஞாயிறு நண்பகலில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்ததால் தொகுதி தாக்குப்பிடிக்கவில்லை என்ற விளக்கமும் உண்டு.